ரொட்டிக்கு நடுவே ஓர் ஆண்டு

'பிளேஸ்மென்ட்' என்ற சொல் தமிழ்நாட்டில் ஒரே பொருளில் ஊறிவிட்டது. கல்லூரியின் கடைசி ஆண்டில் நிறுவனங்கள் வளாகத்துக்கு வரும், எழுத்துத் தேர்வு வைக்கும், நேர்முகம் நடத்தும், வேலைக்கான கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். பொறியியல் கல்லூரி விளம்பரப் பலகைகளில் 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதுதான். ஆகவே பிரிட்டனில் 'மருந்து வேதியியல், தொழிற்துறை பிளேஸ்மென்ட்டுடன்' என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதைக் கேள்விப்படும் பெற்றோர், படித்து முடித்தால் மருந்து நிறுவனத்தில் வேலை உறுதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில முகவர்களும் அந்த எண்ணத்தைக் கலைப்பதில்லை.

அந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். படிப்பின் நடுவில் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு, மறுபடி வகுப்புக்குத் திரும்பிப் பட்டத்தை முடிப்பதுதான் அங்கே பிளேஸ்மென்ட். முடித்த பின் வேலை தருகிறோம் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை.

இரண்டாவது குழப்பம் 'மருந்து வேதியியல்' என்ற பெயரிலேயே இருக்கிறது. ஒரு திருமணப் பந்தியில் இந்தப் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து இலையில் இருந்த பெரியவர் அப்பளத்தை நொறுக்கியபடியே, "அப்படியானால் சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைத்துவிடலாம், இல்லையா தம்பி?" என்று கேட்டார். வைக்க முடியாது. அதற்கு பார்மசி படிக்க வேண்டும். மருந்து உடலில் என்ன செய்கிறது என்று ஆராய்வது மருந்தியல். மருந்து வேதியியலாளர் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்பவர். இன்னும் உலகில் இல்லாத ஒரு மூலக்கூறைக் காகிதத்தில் வரைந்து, அதைக் குடுவையில் உண்டாக்கி, அது மருந்தாகுமா என்று பார்ப்பது அவர் வேலை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை ஆகாது.

ஒரு மாத்திரை பிறந்த கதை

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு இலக்கணம் சொல்வதைவிட சிமெட்டிடின் கதையைச் சொல்வது எளிது.

1960களில் இரைப்பைப் புண்ணுக்குச் சரியான மருந்து இல்லை. அமிலத்தை முறிக்கும் பொடிகளைக் கரைத்துக் குடிப்பார்கள், பால் குடிப்பார்கள், முற்றிவிட்டால் அறுவை சிகிச்சை. இரைப்பையில் அமிலம் சுரக்க ஹிஸ்டமின் என்ற சிறிய மூலக்கூறு தூண்டுகிறது என்பது தெரிந்திருந்தது. ஒவ்வாமைக்குத் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளும் அப்போதே கடைகளில் இருந்தன. விசித்திரம் என்னவென்றால், அந்த மருந்துகள் மூக்கு ஒழுகலை நிறுத்தின, அமிலச் சுரப்பை மட்டும் தொடவே இல்லை.

ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஹிஸ்டமின் போய் உட்காரும் ஏற்பிகள் ஒரே வகையாக இருக்க முடியாது. இரைப்பையில் இருப்பது இரண்டாவது வகையாக இருக்க வேண்டும். ஏற்பி என்பது செல்லின் மேல் உள்ள புரதம். பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டமின் சாவி. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாது என்பது போன்ற ஒரு போலிச் சாவியைச் செய்துவிட்டால் உண்மைச் சாவிக்கு இடம் இருக்காது, அமிலமும் சுரக்காது.

1964இல் லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில், ஸ்மித் கிளைன் அண்ட் பிரெஞ்ச் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது. வேதியியல் பக்கத்தை ராபின் கனெல்லின் வழிநடத்தினார். கையில் இருந்த ஒரே துப்பு ஹிஸ்டமின்தான். அதன் வளையத்தை மாற்றினார்கள், வாலை மாற்றினார்கள், ஒட்டினார்கள், வெட்டினார்கள். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 200 மூலக்கூறுகள். ஒன்றும் தேறவில்லை.

பிறகு, ஹிஸ்டமினின் வால் முனையில் குவானிடின் என்ற அணுத் தொகுதியை வைத்த ஒரு சேர்மம் மிக இலேசாகத் தடுப்பது தெரிந்தது. தடுக்கவும் செய்தது, கொஞ்சம் தூண்டவும் செய்தது. குவானிடின் நேர்மின் சுமை தாங்குவது; ஹிஸ்டமினின் வாலும் அப்படியே. அந்தச் சுமைதான் பூட்டைத் திருப்புகிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். சுமை இல்லாத தயோயூரியா தொகுதியை அந்த இடத்தில் வைத்து, வாலையும் நீட்டினார்கள். தூண்டுவது நின்றது, தடுப்பது மிஞ்சியது. அதன் பெயர் பியூரிமமைடு. பிளாக் சொன்ன இரண்டாவது ஏற்பி உண்மையிலேயே இருக்கிறது என்பதை 1972இல் உலகுக்குக் காட்டியது அந்தச் சேர்மம்தான்.

ஆனால் ஊசியில் ஏற்றினால்தான் வேலை செய்தது. வாய்வழியாகக் கொடுத்தால் போதவில்லை. வயிற்று வலிக்காரன் நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ள மாட்டான். மறுபடியும் வரைபலகை. வாலின் நடுவில் ஒரு கந்தக அணு, வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி: மெட்டியமைடு. வாய்வழியாகவே நன்றாக வேலை செய்தது, நோயாளிகளின் புண் ஆறியது. எல்லோரும் மகிழ்ந்த வேளையில், சில நோயாளிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தன. சந்தேகம் தயோயூரியா மேல் விழுந்தது. அந்தத் தொகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வடிவத்திலும் குணத்திலும் அதை ஒத்த சயனோகுவானிடினை வைத்தார்கள். மற்றது அப்படியே இருந்தது. அதுதான் சிமெட்டிடின். 1976 நவம்பரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. வயிற்றைக் கிழிக்க வேண்டிய நோய் மாத்திரையில் அடங்கியது. பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் மூலக்கூறின் ஒரு துண்டை மட்டும் மாற்றி, என்ன ஆகிறது என்று பார்த்தார்கள் என்பது. அமைப்புக்கும் விளைவுக்கும் உள்ள உறவு என்று பாடப்புத்தகம் இதைச் சொல்லும். சமையலில் உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் குழம்பு எதனால் கெட்டது என்று தெரியாதல்லவா, அந்த அறிவுதான் இது.

கதைக்கு ஒரு வால் உண்டு. சில மைல் தொலைவில், அதே ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள வேர் என்ற ஊரில் கிளாக்சோ நிறுவனத்தார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிமெட்டிடினின் வளையத்தையே தூக்கிவிட்டு ஃபியூரான் வளையத்தை வைத்து ரானிடிடினைச் செய்தார்கள். 1981இல் வந்த அது சில ஆண்டுகளிலேயே விற்பனையில் சிமெட்டிடினை முந்தியது. நம் வீட்டு மருந்துப் பெட்டிகளில் வெகுகாலம் குடியிருந்த மாத்திரை அது. பக்கத்து ஊர்க்காரர்களாக மோதிக்கொண்ட இரண்டு நிறுவனங்களின் வாரிசுகளும் 2000ஆம் ஆண்டில் ஒன்றாகிக் கிளாக்சோஸ்மித்கிளைன் ஆயின.

குட்டைப் போர்வை

பூட்டில் பொருந்துவது மட்டும் போதும் என்றால் இந்தத் தொழில் எளிது. மாத்திரை வயிற்றில் கரைய வேண்டும். குடல் சுவரைக் கடந்து ரத்தத்தில் ஏற வேண்டும். கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடக் கூடாது. சிதைக்காமலே விட்டுவிட்டாலும் தொல்லை. சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டும், சேரக் கூடாத பூட்டுகளில் நுழையக் கூடாது. புரதத்தோடு நன்றாக ஒட்டட்டும் என்று எண்ணெய்த்தன்மை கொண்ட தொகுதிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் தண்ணீரில் கரையாது. கரையட்டும் என்று மின் சுமையைச் சேர்த்தால் குடல் சுவரைக் கடக்காது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வை.

இதற்கு ஒரு கைவழிகாட்டி உண்டு. ஃபைசர் நிறுவனத்தின் கிறிஸ்டோபர் லிபின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட 'ஐந்தின் விதி'. மூலக்கூறு எடை 500க்குள், நீரைவிட எண்ணெயில் எவ்வளவு கரைகிறது என்பதைக் காட்டும் மடக்கை மதிப்பு 5க்குள், ஹைட்ரஜன் பிணைப்பு தருபவை 5க்குள், ஏற்பவை 10க்குள் இருந்தால் வாய்வழி மருந்தாக வாய்ப்பு அதிகம். எல்லா எல்லைகளும் ஐந்தின் மடங்குகள் என்பதால் அந்தப் பெயர். விதிகள் நான்குதான்; ஐந்தாவது எங்கே என்று முதலாண்டு மாணவர்கள் தேடுவது வழக்கம். இதை மீறிய நல்ல மருந்துகளும் இருக்கின்றன. வேத வாக்காக எடுத்துக்கொள்பவர்களைவிட, எப்போது மீறலாம் என்று தெரிந்தவர்களே நல்ல வேதியியலாளர்கள்.

சேரக் கூடாத பூட்டு என்றேனே, அதற்கு டெர்ஃபெனடின் சாட்சி. தூக்கக் கலக்கம் தராத ஒவ்வாமை மருந்தாக அது கோடிக்கணக்கில் விற்றது. கல்லீரல் அதை வேகமாக மாற்றிவிடும் வரை பிரச்சினை இல்லை. கூடவே சில மருந்துகளைச் சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைபட்டு, மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் தேங்கி, இதயச் செல்களில் பொட்டாசியம் செல்லும் ஹெர்க் என்ற கால்வாயை அடைத்து, துடிப்பைக் குலைத்தது. உயிர்கள் போயின. 1998இல் அமெரிக்காவில் அது திரும்பப் பெறப்பட்டது. கல்லீரல் உண்டாக்கும் அந்த மாறிய வடிவம் இருக்கிறதே, இப்போது அதையே ஃபெக்சோஃபெனடின் என்று மாத்திரையாக விற்கிறார்கள். அது அந்தக் கால்வாயை அடைப்பதில்லை. இன்று ஒவ்வொரு புதிய சேர்மத்தையும் தொடக்கத்திலேயே ஹெர்க் சோதனைக்கு அனுப்புவதன் பின்னணி இது.

பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறார்கள்

லீட்ஸ், நியூகாசில், நாட்டிங்ஹாம், கிளாஸ்கோ, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் எனப் பல இடங்களில் இந்தப் படிப்பு வெவ்வேறு பெயர்களில் இருக்கிறது. பெயர்ப்பலகை வேறானாலும் முதலாண்டு எங்கும் ஒன்றுதான்: கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பிய வேதியியல், கொஞ்சம் கணிதம், நிறைய ஆய்வகம். மருந்து என்ற வாசனையே இருக்காது. இதில் ஏமாற்றமடைபவர்கள் உண்டு. இரண்டாம் ஆண்டில் நிறமாலையியலும் உயிர்வேதியியலும் சேரும். கடைசி ஆண்டுகளில்தான் மருந்து வடிவமைப்பு, பல்லின வளையச் சேர்மங்கள் (கார்பனோடு வேறு அணுக்களும் கலந்த வளையங்கள்), உடல் மருந்தை எப்படி ஏற்று எப்படி வெளியேற்றுகிறது என்பதெல்லாம் வரும். ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்ற அமைப்பின் அங்கீகாரம் படிப்புக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே என் கருத்து ஒன்று. மருந்து நிறுவனங்கள் பட்டத்தின் பெயரில் 'மருந்து' இருக்கிறதா என்று தேடுவதில்லை. கார்பன் சேர்மங்களைப் படிப்படியாக உண்டாக்கும் கரிமத் தொகுப்பு கையில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. வெறும் வேதியியல் படித்துவிட்டு மருந்து வேதியியலாளர் ஆனவர்கள் ஏராளம். ஆகவே மூன்று விருப்பப் பாடங்களுக்காக ஒரு நல்ல வேதியியல் துறையை விட்டுவிட்டுச் சுமாரான துறைக்குப் போக வேண்டியதில்லை.

இந்தியாவில் பி.ஃபார்ம் மாணவர்களுக்கு மருந்து வேதியியல் மூன்று தாள்களாக வருகிறது. ஆய்வுக்கூடத்தில் ஓர் ஆண்டு என்பது அதில் இல்லை.

சாண்ட்விச்

அந்த ஓர் ஆண்டுக்கு வருவோம். பிரிட்டனில் இதற்குப் பழைய பெயர் 'சாண்ட்விச் படிப்பு'. இரண்டு பக்கமும் பல்கலைக்கழக ரொட்டி, நடுவே தொழிற்சாலைக் கறி. ஓர் ஆண்டு முழுதாக வைத்தால் தடித்த சாண்ட்விச், ஆறாறு மாதமாகப் பிரித்து வைத்தால் மெல்லிய சாண்ட்விச். உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறார்கள். 1903இல் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரி பொறியியல் பயிலுநர்களுக்காகத் தொடங்கிய முறை இது. பின்னாளில் லஃப்பரோ, பாத், ஆஸ்டன், சர்ரே போன்ற, தொழில்நுட்பக் கல்லூரிகளாக இருந்து 1960களில் பல்கலைக்கழகங்களாக உயர்ந்த இடங்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டன.

கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரொட்டிக்குப் பெயர் கொடுத்த பிரபுவின் பட்டம் அந்த ஊரிலிருந்து வந்தது. ஃபைசரின் பெரிய ஆய்வு வளாகம் அங்கேதான் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் ரத்த அழுத்தத்துக்குப் போட்டுக்கொள்ளும் அம்லோடிபின், பூஞ்சைத் தொற்றுக்கான ஃபுளுகோனசோல், நெஞ்சுவலிக்காகத் தொடங்கி வேறெங்கோ போய் நின்ற வயாகரா எல்லாம் அங்கே பிறந்தவை. 2011இல் அந்த வளாகத்தை விட்டு வெளியேறப்போவதாக ஃபைசர் அறிவித்தது. பெரிய ஆய்வகம் என்பதும் நிரந்தரமில்லை என்று பிரிட்டன் வேதியியலாளர்கள் பலர் அந்த நாளில்தான் உணர்ந்தார்கள். பெருநிறுவனங்கள் சுருங்கச் சுருங்க, மற்றவர்களுக்காக ஒப்பந்தத்தில் ஆய்வு செய்து தரும் சிறு நிறுவனங்கள் பெருகின. இன்றைய மாணவர் ஸ்டீவனேஜில் கிளாக்சோஸ்மித்கிளைனுக்கோ கேம்பிரிட்ஜில் அஸ்ட்ராசெனகாவுக்கோ போகலாம். நாட்டிங்ஹாமிலோ ஆபிங்டனிலோ உள்ள ஒப்பந்த ஆய்வு நிறுவனத்துக்கும் போகலாம். பூச்சிமருந்து, களைக்கொல்லி நிறுவனங்களும் இதே திறனைத்தான் தேடுகின்றன.

அங்கே போய் என்ன செய்வார்? பாத்திரம் கழுவுவதும் தேநீர் வாங்கி வருவதும் இல்லை. அவருக்கென்று புகை உறிஞ்சும் கண்ணாடி அலமாரி ஒன்று தரப்படும். அதன் முன்னால் நின்று மூலக்கூறு செய்ய வேண்டும். வடிவமைத்தல், செய்தல், சோதித்தல், அலசுதல் என்ற நான்கு கால் சக்கரம் ஒன்று ஒவ்வொரு திட்டத்திலும் சுழன்றுகொண்டிருக்கும். மாணவர் பெரும்பாலும் 'செய்தல்' என்ற காலில் இருப்பார்.

செய்யும் வினைகள் பெரும்பாலும் அரிதானவை அல்ல. கார்பாக்சிலிக் அமிலத்தையும் அமீனையும் சேர்த்து அமைடு உண்டாக்குவது, பல்லேடியம் என்ற உலோகத்தைக் கொண்டு இரண்டு வளையங்களை இணைக்கும் சுசுகி வினை, மூலக்கூறின் ஒரு பகுதி வினையில் சிக்காமல் காக்க ஒட்டிய பாதுகாப்புத் தொகுதியைக் கழற்றுவது. சுசுகி வினைக்கு 2010இல் நோபல் கிடைத்தது. மருந்து ஆய்வுக்கூடங்களில் அது தினசரிச் சோறு. காலையில் வினையைத் தொடங்கி, மதியம் ஒரு துளி எடுத்து நிறை நிறமாலைமானியில் வைத்தால், சில நிமிடங்களில் எதிர்பார்த்த எடையில் ஏதாவது உண்டாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் வண்ணப்பிரிகை முறையில் பிரித்து, சுழல் ஆவியாக்கியில் கரைப்பானை ஓட்டி, மூலக்கூறின் அமைப்பைக் காந்தப் புலத்தில் வைத்துக் காட்டும் என்.எம்.ஆர். எடுத்து, தூய்மையை உறுதி செய்து, சில மில்லிகிராம் வெள்ளைப் பொடியைச் சின்னச் சீசாவில் இட்டு உயிரியல் துறைக்கு அனுப்ப வேண்டும். வெள்ளைப் பொடி என்பது நல்ல நாளில். மற்ற நாட்களில் பழுப்புப் பிசின்.

கல்லூரி ஆய்வகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கருவிகளில் மட்டும் இல்லை. கல்லூரியில் செய்முறைத் தாள் கொடுக்கிறார்கள். அதை நமக்கு முன்னால் நூறு பேர் செய்திருக்கிறார்கள். விடை பேராசிரியருக்குத் தெரியும். வினை நடக்கவில்லை என்றால் தப்பு நம் மேல். நிறுவனத்தில் அந்த மூலக்கூறை உலகில் ஒருவரும் செய்ததில்லை. வினை நடக்கவில்லை என்றால் தப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கரைப்பானை மாற்றுவதா, வெப்பத்தைக் கூட்டுவதா, வேறு வழியில் சுற்றிப் போவதா, அந்த மூலக்கூறையே கைகழுவிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். இந்தக் கடைசி முடிவுதான் கடினம். மூன்று வாரம் உழைத்ததை விட மனம் வராது. வகுப்பில் எந்தத் தாளிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. என்னைக் கேட்டால், அந்த ஓர் ஆண்டின் பெறுமானத்தில் பாதி இதைக் கற்பதில் இருக்கிறது.

மீதிப் பாதி கூட்டங்களில். வாரம் ஒருமுறை வேதியியலாளர், உயிரியலாளர், கணினி மாதிரி செய்பவர் எல்லோரும் உட்கார்ந்து வந்த எண்களைப் பார்ப்பார்கள். மாணவர் அரும்பாடுபட்டுச் செய்த சேர்மம் புரதத்தில் ஒட்டவே இல்லை என்று ஒரு வரியில் முடிந்துவிடும். ஒருவரும் திட்ட மாட்டார்கள். ஒட்டவில்லை என்பதும் ஒரு செய்தி. அந்த இடத்தில் பெரிய தொகுதிக்கு இடமில்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். பியூரிமமைடுக்கு முன்னால் தோற்ற 200 சேர்மங்களின் கதை அப்போதுதான் மாணவருக்கு உறைக்கும்.

இன்னொன்றும் கண்ணில் படும். தொடக்கப் பொருட்கள் பலவும் ஹைதராபாத், பெங்களூரு, ஷாங்காய் என்று முகவரி ஒட்டிய பெட்டிகளில் வரும். மூலக்கூறு செய்யும் வேலையில் கணிசமான பங்கு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போய்ப் பல ஆண்டுகளாகிவிட்டன. ஒரே திட்டத்தின் ஒரு முனையில் பிரிட்டன் மாணவரும் மறுமுனையில் நம் ஊர் எம்.எஸ்சி. பட்டதாரியும் நிற்கலாம்.

கிடைப்பது எப்படி

படிப்பின் பெயரில் பிளேஸ்மென்ட் இருப்பதால் இடம் கிடைத்துவிடாது. இது பலருக்கும் தாமதமாகத் தெரிகிற உண்மை. பல்கலைக்கழகம் விண்ணப்பத்தைத் திருத்தித் தரும், பயிற்சி தரும், பழைய மாணவர்கள் போன நிறுவனங்களைக் காட்டும். போட்டியிட்டு வெல்வது மாணவர் பொறுப்பு. கிடைக்காவிட்டால் பொதுவாக அந்த ஆண்டு இல்லாத சாதாரணப் பட்டத்துக்கு மாற்றிவிடுவார்கள். வானம் இடிந்துவிடாது, ஆனால் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாம் ஆண்டு தொடங்கும் செப்டம்பர், அக்டோபரிலேயே பெருநிறுவனங்கள் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். வேலை தொடங்குவதோ அடுத்த கோடையில். அதாவது முதலாண்டு மதிப்பெண்தான் கையில் இருக்கும். 'முதலாண்டு கணக்கில் சேராது, சும்மா தேறினால் போதும்' என்று மூத்த மாணவர்கள் சொல்வதைக் கேட்டுக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. சிறு நிறுவனங்கள் வசந்த காலம் வரைகூட ஆள் எடுக்கும். நேர்முகத்தில் வெள்ளைப்பலகையில் வினையின் வழிமுறையை அம்புக்குறி போட்டு வரையச் சொல்வார்கள். இரண்டு மூலக்கூறுகளைக் காட்டி எது தண்ணீரில் நன்றாகக் கரையும், ஏன் என்று கேட்பார்கள். சரியான விடையைவிட, தவறினால் எப்படித் திருத்திக்கொள்கிறார் என்பதைப் பார்ப்பவர்கள் அதிகம். மனப்பாடம் அங்கே செல்லாது.

பணம். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கு 2025–26இல் உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு. பிளேஸ்மென்ட் ஆண்டுக்கு 1,905 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்தக் கல்வியாண்டின் வரம்பு. வெளிநாட்டு மாணவருக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கணக்கை வைத்திருக்கும், கேட்டுப் பெற வேண்டும். படிப்பின் பகுதியாக ஓராண்டுக்குள் செய்யும் வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிரிட்டனில் கட்டாயமில்லை. ஆனாலும் மருந்து நிறுவனங்கள் வேதியியல் மாணவருக்கு வாழப் போதுமான சம்பளம் தருவதே வழக்கம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் விசாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்மென்ட் படிப்பின் பிரிக்க முடியாத, மதிப்பிடப்படும் பகுதியாக இருக்க வேண்டும். பட்டப்படிப்பின் மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூன்றாண்டுப் படிப்புக்கு விசா வாங்கிவிட்டு இடையில் நான்காண்டுக்கு மாறினால் விசாவையும் நீட்டிக்க வேண்டிவரும். முதல் நாளிலிருந்தே நான்காண்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

எல்லோருக்கும் இது ஏற்றதா என்றால், இல்லை. ஸ்டீவனேஜும் வேரும் சிறு நகரங்கள். மாலை ஐந்தரைக்குப் பிறகு, லண்டனிலோ லீட்ஸிலோ பழகிய இளைஞருக்கு அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. கூடப் படித்தவர்கள் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறியிருப்பார்கள். திரும்பி வரும்போது, நடு ஆண்டு எடுக்காத நண்பர்கள் பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். ஓராண்டு கூடச் செலவாகிறது. ஆய்வகத்தில் நிற்பதே பிடிக்கவில்லை என்று அந்த ஆண்டில் கண்டுபிடித்து, காப்புரிமைச் சட்டத்துக்கோ ஆசிரியப் பணிக்கோ போகிறவர்களும் உண்டு. அதை இழப்பாக நான் எண்ணவில்லை. பத்தாண்டு கழித்துக் கண்டுபிடிப்பதற்கு இது எவ்வளவோ மலிவு.

ஆண்டு முடிவில் ஒரு நீண்ட அறிக்கை எழுதிப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும், பேச வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. எந்த மூலக்கூறுகளுக்காகப் பன்னிரண்டு மாதம் உழைத்தாரோ, அவற்றை அறிக்கையில் முழுதாக வரைய நிறுவனம் சில நேரம் அனுமதிக்காது. இரகசியம். முக்கியமான தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டமோ 'ஆர்' என்ற எழுத்தோ இருக்கும். என்ன செய்தாய் என்று அம்மா தொலைபேசியில் கேட்டாலும் அதே பதில்தான்.

காப்புரிமை விண்ணப்பங்கள் பொதுவாக முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதங்களில் பகிரங்கமாகிவிடும். அதற்குள் அந்த மாணவி பட்டம் வாங்கி வேறெங்கோ வேலையில் இருப்பாள். ஒரு நாள் தேடிப் பார்த்தால், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவில், 'எடுத்துக்காட்டு' என்ற தலைப்பும் ஓர் எண்ணும் போட்டு, வட்டத்தால் மறைக்கப்படாமல் அவளுடைய மூலக்கூறு இருக்கலாம். கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவள் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. யோசனை தந்தவரே சட்டப்படி கண்டுபிடிப்பாளர். சொன்னபடி செய்துகொடுத்தவர் ஆக மாட்டார். ஆனால் கீழே சிறிய எழுத்தில் என்.எம்.ஆர். எண்கள் வரிசையாக இருக்கும். 7.82, இரட்டைச் சிகரம், ஒரு ஹைட்ரஜன். சிகரம் சரியாகப் பிரியவில்லையே என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு அவள் இரண்டாம் முறை எடுத்துத் தட்டச்சு செய்த எண் அது.